கதிரடி எண்ணெய்

ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தை நிறுத்தியதும், அதற்கு எண்ணெய் போடும் ஆயிலர் ஒரு கதிரை மேலே உருவி எடுப்பார். மில்லுக்குள் அதை யாரும் கதிர் என்று சொல்வதில்லை, ஸ்பிண்டில்தான். ராட்டையில் நூற்றவர்கள் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும் என்பதால் இங்கே கதிர் என்றே எழுதுகிறேன். அதன் அடிமுனை சீவிய பென்சில்போலக் கூம்பியிருக்கும். கூம்பின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு, விழாமல் தொங்கும். ஆயிலர் ஜன்னல் பக்கம் திரும்பி, சொட்டுக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி தூக்கிப் பிடிப்பார். புது எண்ணெய் என்றால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் நிறம். சில மாதம் ஓடியது தேன் நிறம். காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அவர் ஒன்றும் பேசமாட்டார். அடுத்த கதிரை உருவுவார், அதற்கடுத்ததையும். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அது அந்தக் கதிரின் நோய். வரிசையாகக் கறுத்திருந்தால் எண்ணெய் மாற்றும் நாள் கடந்துவிட்டது.

கோயம்புத்தூர் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷம் கழித்தவன் நான். மோட்டார், கியர், பெல்ட் என்று எத்தனையோ பாகங்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அவற்றுள் எனக்கு மிக நுட்பமாகத் தோன்றியது அந்தச் சொட்டுதான். ஸ்டோர் கணக்கில் எண்ணெயைச் செலவுப் பொருளாக எழுதுவார்கள், துடைப்பத்துக்கும் சோப்புக்கும் பக்கத்தில். இயந்திரத்தின் உறுப்புகளில் அதையும் ஒன்றாக எழுதவேண்டும் என்று கடைசி நாள்வரை வாதாடியிருக்கிறேன்.

எங்கள் ஃபிரேம் ஒன்றில் 1008 கதிர்கள். அர்ச்சனைக்கு வரும் எண். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 18,000 சுற்று, அதாவது விநாடிக்கு 300. இரவு பகல் மூன்று ஷிப்டும் ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் ஒரு கதிர் 900 கோடிச் சுற்றைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் அதன் காலடியில் இருப்பது இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் அடங்கிவிடுகிற அளவு எண்ணெய்.

கதிர் நிற்கும் கூட்டுக்கு போல்ஸ்டர் என்று பெயர். கழுத்துப் பக்கம் உருளைகள் கொண்ட சிறு பேரிங், அடியில் கூம்பு முனை அமரும் குழி. இரண்டுக்கும் நடுவே, எண்ணெயில் மூழ்கியபடி, மெல்லிய தகட்டைப் பாய்போலச் சுருட்டிவைத்த ஒரு சுருள் இருக்கும். நான் நின்று ரசிக்கிற இடம் இதுதான். நூல் ஏறிய பாபின் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் இம்மி கனத்தாலும் அந்த வேகத்தில் கதிர் ஆடத் தொடங்கும். ஆடும்போது சுருளின் மடிப்புகளுக்கு இடையில் உள்ள எண்ணெய் பிதுங்கி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவேண்டியிருக்கிறது. மயிரிழை இடுக்கில் நெருக்கியடித்து ஓடும் அந்தச் சிரமத்திலேயே ஆட்டம் கரைந்துவிடும். தேய்வதைத் தடுப்பதற்கென்று ஊற்றிய எண்ணெய், நடுக்கத்தையும் விழுங்கிக்கொள்கிறது.

இந்த எண்ணெய் எவ்வளவு நீர்த்தது என்பதைக் கையில் தொட்டால்தான் நம்பமுடியும். எண்ணெய்களை 40 டிகிரி வெப்பத்தில் அவை எவ்வளவு தயங்கி ஓடுகின்றன என்று அளந்து எண் கொடுப்பார்கள். கதிருக்கு ஊற்றுவது 10 அல்லது 22. அதே ஃபிரேமின் தலைப்பக்கத்தில் பற்சக்கரப் பெட்டிக்குப் போவது 220, சிலவற்றில் 320. முதலாவது விரலிடுக்கில் ஊற்றிய வேகத்திலேயே ஓடிவிடும். இரண்டாவது பாகுபோல் இழுபட்டு இறங்கும். கெட்டியான எண்ணெய்தான் உசத்தி என்று நினைத்துக் கதிருக்கும் கொஞ்சம் கனமானதை ஊற்றச் சொன்ன மேலதிகாரி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 1008 கதிர்களும் அந்தக் கனத்தைக் கடைந்துகொண்டே சுற்றவேண்டும். கடைவதற்கான கூலியை மின்சாரக் கட்டணத்தில் வாங்கிக்கொள்வார்கள். போல்ஸ்டரைத் தொட்டுப் பார்த்தாலும் சூடு சொல்லிவிடும்.

எண்ணெய் வழுக்கும், அதனால் உராய்வு குறையும் என்றுதான் பள்ளியில் படித்தோம். உண்மை அதைவிட அழகானது. அது வெளிப்பட்ட விதமும் எனக்கு மிகப் பிடித்த கதை. 1883-ல் லண்டனில், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சு போன்ற ஒரு தண்டைச் சுழலவிட்டு உராய்வை அளந்துகொண்டிருந்தார். தண்டின் மேல்பாதியைப் பித்தளைப் பேரிங் ஒன்று கவிந்திருந்தது. அடிப்பாதி எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்தது. வழக்கமான முறையில் மேலிருந்து எண்ணெய் விடுவதற்காக அந்தப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை எழும்பி வெளியே வந்தது. மரக்கட்டையைச் செருகினார், அதுவும் வந்தது. பிறகு அழுத்தமானி ஒன்றைத் திருகி மாட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் அந்தக் கருவியின் முள் எல்லையையும் தாண்டி ஓடியது. தண்டின்மீது அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாக அதில் பாதி, 100 பவுண்டு.

உச்சியில், சுமை அழுந்துகிற அதே இடத்தில், எண்ணெய் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தது. இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. மூன்று வருஷம் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் தண்டு தன்மீது ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஓடும் வழி வரவர ஒடுங்குகிறது. ஒடுங்கும் ஆப்புக்குள் திணிக்கப்பட்ட எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாததால் அழுத்தம் ஏறி, தண்டைத் தாங்குகிறது. பம்பு எதுவும் வேண்டாம். தண்டு தன் சுழற்சியாலேயே தனக்கு மெத்தை விரித்துக்கொள்கிறது. நின்றால் மெத்தை வடிந்துவிடும். உலோகத்தின்மேல் உலோகம் உட்காரும். தேய்மானத்தில் பெரும்பங்கு ஓடும்போது நேர்வதில்லை. கிளம்பும் கணத்திலும் நிற்கும் கணத்திலும்தான் நேர்கிறது. மின்வெட்டுக் காலத்தில் ஃபிரேம்கள் நின்று நின்று கிளம்பியபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சல் உற்பத்தி போயிற்றே என்பதற்காக மட்டும் அல்ல.

இந்த ஆப்பின் சாதுரியத்தை அதன் உச்சத்தில் பார்க்கவேண்டுமானால் அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். அங்கே ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912-ல் ஆல்பர்ட் கிங்ஸ்பரி ஒரு பேரிங்கைப் பொருத்தினார். நட்டக்குத்தலாக நிற்கும் இயந்திரத்தின் எடையும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுமார் 200 டன். அதைத் தாங்குவதற்கு அவர் வைத்தது சில உலோகப் பட்டைகள். பட்டைகளை இறுக்கிப் பிடிக்காமல், சற்றே சாயும்படி விட்டுவிட்டார். எந்தக் கோணத்தில் சாயவேண்டும் என்பதை எண்ணெயே முடிவுசெய்தது. வேகமும் சுமையும் மாறினால் சாய்வும் மாறும். 200 டன், தலைமயிரைவிட மெல்லிய படலத்தின்மேல், பல பத்தாண்டுகள் ஏறக்குறைய தேயாமல் சுழன்றது. ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்பவரும் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தார். பிடியைத் தளர்த்தத் தோன்றியதே, அந்த மனசைத்தான் நான் வியக்கிறேன்.

மறுபடி ஃபிரேமுக்கு வருகிறேன். கதிரின் கழுத்திலுள்ள உருளை பேரிங்கில் நடப்பது இன்னொரு வகை. உருளை தண்டைத் தொடும் இடம் ஒரு கோடுபோல மிகக் குறுகியது. சுமை முழுக்க அதிலேயே இறங்குவதால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்குக்கு ஏறும். அந்த நெருக்கடியில் எண்ணெய் ஒரு கணம் திடப்பொருள்போல் இறுகிவிடுகிறது. எஃகே இம்மி வளைந்து இடம் கொடுக்கிறது. அடுத்த கணம் மீண்டும் எண்ணெய். படலத்தின் பருமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே. தலைமயிரின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

இதே ஃபிரேமில் எண்ணெயே படக்கூடாத ஓர் இடமும் இருக்கிறது. பாபினைச் சுற்றியுள்ள வளையத்தில் டிராவலர் என்ற சிறு கொக்கி ஓடுகிறது. எடை 40 மில்லிகிராம் அளவு. இரண்டு அரிசிமணி இருக்கும். 38 மில்லிமீட்டர் வளையத்தில் 18,000 சுற்று என்றால் அதன் வேகம் விநாடிக்கு 36 மீட்டர், மணிக்கு 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உலோகத்தின்மேல் உலோகம், இந்த வேகத்தில், எண்ணெய் இல்லாமல். எண்ணெய் விட்டால் நூலில் கறை ஏறும். கறை ஏறிய நூல் துணியில் கருங்கோடாகத் தெரியும். அப்படியானால் டிராவலரைக் காப்பது எது? பஞ்சேதான். பஞ்சிழையின்மேல் இயல்பாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. நூல் டிராவலரைக் கடக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே நசுங்கி, அந்த மெழுகோடு சேர்ந்து ஒரு படலமாகப் படிகின்றன. தேயத் தேயப் புதிய இழை வந்து விழுகிறது. நூற்கப்படும் பொருள் நூற்கும் கருவிக்கு மசகிடுகிறது. புது வளையம் மாட்டினால் முதலில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவோம். படலம் கட்டுவதற்கு அவகாசம் தரவேண்டும். அவசரப்பட்டவர்கள் கருகிய டிராவலர்களைக் கூட்டி அள்ளியதைக் கண்டிருக்கிறேன்.

எண்ணெயைத் தேர்ந்து ஊற்றியபின் அதைக் கெடாமல் காப்பது தனிக் கலை. வடைச் சட்டியைக் கவனித்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். சூடும் காற்றும் எண்ணெயைக் காறச் செய்யும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருந்த விதி. நல்ல எண்ணெயில் ஆக்சிஜனைத் தடுக்கும் சரக்கு கொஞ்சம் கரைத்திருப்பார்கள். காற்று முதலில் அதைத்தான் தின்னும். அது மிச்சமிருக்கும்வரை எண்ணெய் வாங்கிய நாளைப்போலவே இருக்கும். தீர்ந்தபின் சில வாரத்திலேயே கறுத்து, தடித்து, புளித்த வாடை அடிக்கும். பற்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அதனால் வந்தது. ஆய்வகச் சீட்டு வர ஒரு வாரம் ஆகும். மூக்கு உடனே சொல்லும்.

பெட்டியின் அடித்திருகில் ஒரு காந்தம் இருக்கும். எண்ணெய் மாற்றும்போது அதைக் கழற்றினால் மெல்லிய இரும்புப் பொடி மீசைபோல் ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் களிம்புபோல் நைந்தால் கவலையில்லை. பற்கள் பழகித் தேய்ந்த தூள் அது. நெருடினால், அதில் மினுங்கும் சிறு செதிள் ஒன்று கிடந்தால், எங்கோ ஒரு பல் உரிகிறது. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் பொன்னிறமாக மினுக்கினால் வெண்கலம் தேய்கிறது என்று பொருள். பழைய ஃபிட்டர் ஒருவர் அந்தத் திருகை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நகைக்கடையில் கல் பார்ப்பதுபோல.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய பாடம் கற்பித்தது. நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில் எண்ணெய்ப் பேரல்களைக் கொட்டகைக்கு வெளியே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல். புதுப் பேரலைத் திறந்து நிரப்பிய ஒரு மாதத்துக்குள் பெட்டியின் கண்ணாடியில் எண்ணெய் மோர்போல் வெளுத்துத் தெரிந்தது. மூடியின் சீல் உடையவில்லை. பேரல் புதியது. ஒருவர்மீதும் குற்றம் காணமுடியவில்லை.

நடந்தது இதுதான். நிமிர்ந்த பேரலின் தலையில், விளிம்புக்குள், மழைநீர் தேங்கி மூடியை மூழ்கடிக்கிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. இரவுக் குளிரில் உள்ளே சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கிறது. மரைக்கு மேலே காற்று இல்லை, தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு மூச்சு. சீல் உடையாமலே பேரல் தண்ணீர் குடித்துவிடுகிறது.

அதற்கு மருந்து அவ்வளவு எளிது, அவ்வளவு நேர்த்தி. பேரலைப் படுக்கவைக்கவேண்டும். அதன் முகத்தில் உள்ள இரண்டு மூடிகளும் இரண்டு கண்கள்போல ஒரே மட்டத்தில் வரும்படி உருட்டி நிறுத்தவேண்டும். அப்போது உள்ளே இரண்டு மூடிகளும் எண்ணெயில் மூழ்கியிருக்கும், மரை நனைந்திருக்கும், மூச்சுவிட வழியில்லை. ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் படுக்கவைத்தால் மேல் மூடி காற்றுப் பக்கம் போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் முதலில் பேரல்களின் முகத்தைத்தான் பார்ப்பேன்.

எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டைக் காய்ந்த தகட்டில் விடுவோம். உலர்ந்த எண்ணெய் சத்தமில்லாமல் பரவிப் புகையும். ஈரம் இருந்தால் தாளிப்பில் விழுந்த கடுகுபோலச் சடசடக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீரையும் காது பிடித்துவிடும்.

தூசியைக் காது பிடிக்காது, கண்ணும் பிடிக்காது. நம் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. பேரிங்கின் படலமோ ஒரு மைக்ரான்கூட இல்லை. படலத்தின் பருமனை ஒத்த துகள்தான் இடுக்கில் புகுந்து அரைக்கிறது. ஆகவே அதிகக் கேடு செய்வது பார்க்கமுடியாத தூசி. இதற்கென்று உலகமெங்கும் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: ஒரு மில்லி எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று எண்ணி, மூன்று எண்களாக எழுதுவது. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு. 16 என்றால் 320-க்கு மேல் 640 வரை. 20 என்றால் 5,000-க்கு மேல் 10,000 வரை. சீட்டில் வெறும் நான்கு எண் வித்தியாசம், சொட்டுக்குள் பதினாறு மடங்கு தூசி. பேரலில் வந்த புது எண்ணெய் தெளிந்த தேன்போல மின்னினாலும் பல சமயம் அந்த அளவுகோலில் தோற்றுப்போகும் என்பதால், ஊற்றுவதற்கு முன்பே வடிகட்டவேண்டும். புதிதை எதற்கு வடிகட்டுகிறீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டபோதெல்லாம் நான் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கிரீஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் ஊர்க் கட்டை வண்டிகளுக்கு வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து அச்சில் பூசுவார்கள். வண்டி மை என்று பெயர். அந்த ஆமணக்கு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் வெள்ளை மெழுகாக இறுகும். அதிலிருந்து எடுக்கும் அமிலத்தோடு லித்தியத்தைச் சேர்த்தால் ஒருவகைச் சோப்பு. அந்தச் சோப்பை எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்தால் தொழிற்சாலைகளில் மிகப் பரவலாகப் புழங்கும் லித்தியம் கிரீஸ். எண்ணெய்தான் மசகிடுகிறது; சோப்பு அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த அந்தச் சோப்பின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னிக் கிடந்த இழைகள், ஒவ்வொன்றிலும் முறுக்கு. நூற்பாலைக்காரனுக்கு வேறெப்படித் தெரியும்? நூல்தான்.

ஃபிரேமின் அடிரோலர் பேரிங்குகளுக்கு இந்த கிரீஸைத்தான் கன் வைத்து ஏற்றுவோம். ஏற்றும் வாய் பட்டாணி அளவு. அதன்மேல் படிந்த தூசியைத் துடைக்காமல் கன்னை வைத்தால், அந்த அழுத்தத்தில் முதலில் உள்ளே போவது தூசிதான். பஞ்சாலையில் துடைப்பதற்குக் கழிவுப் பஞ்சுக்கா பஞ்சம்? கைக்கெட்டும் தூரமெல்லாம் கிடக்கும். எங்கள் ஆயிலர் அதைத் தொடமாட்டார். இழை உதிரும் என்பார். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பார். ஒரு துண்டை எடுத்து வாயைத் துடைப்பார், கன்னின் மூக்கைத் துடைப்பார், முதல் பிதுக்கலை வெளியே விட்டு அதையும் துடைத்தெடுப்பார். பிறகு கன்னை வைத்து அழுத்துவார், இரண்டே அழுத்து. துணியை மடிக்கும்போது அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அடுத்த ரோலருக்கு நகர்வார்.